காட் மீன் தீர்ந்துபோன கணக்கு: சஸ்டெயினபிலிட்டி பேப்பருக்கு நான் எடுத்த கேஸ்

1992 ஜூலை 2. கனடாவோட மீன்வளத்துறை மந்திரி ஜான் கிராஸ்பி, கிழக்கு கோடியில இருக்கற நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்து தலைநகர் செயின்ட் ஜான்ஸ்ல ஒரு ஹோட்டல்ல உக்காந்து, வடக்கு காட் மீன் (வட அட்லாண்டிக் குளிர் கடல்ல சாப்பாட்டுக்கு பிடிக்கற பெரிய மீன் காட், அந்த கரைய ஒட்டி இருக்கற கூட்டத்துக்கு வடக்கு காட்னு பேரு) பிடிக்கறத நிறுத்தறோம்னு அறிவிச்சார். ரெண்டு வருஷத்துக்கு மட்டும்னுதான் சொன்னார். கதவுக்கு வெளிய மீனவங்க உள்ள வர்றதுக்கு முட்டி மோதிட்டு இருந்தாங்க. அந்த ஒரு அறிவிப்புல கிட்டத்தட்ட 30,000 பேருக்கு வேலை போச்சு, கனடா வரலாற்றுல அதுவரைக்கும் ஒரே அடியா அவ்ளோ பேர் வேலை இழந்ததே கிடையாது. ரெண்டு வருஷம்னு சொன்ன தடை 2024 ஜூன் வரைக்கும், அதாவது 32 வருஷம் நீடிச்சுது.

சஸ்டெயினபிலிட்டி பேப்பருக்கு ஆளுக்கு ஒரு கேஸ் எடுக்கணும்னு சொன்னப்ப க்ளாஸ்ல நிறைய பேர் எண்ணெய் கசிவு, ஃபேக்டரி கழிவுன்னு எடுத்தாங்க, அதுல எல்லாம் யார் மேல தப்புன்னு முதல் பக்கத்துலயே தெரிஞ்சிடும். எனக்கு காட் கேஸ் பிடிச்சதுக்கு காரணம், இங்க விஞ்ஞானிகள் இருந்தாங்க, வருஷா வருஷம் சர்வே கப்பல் போச்சு, மாடல் இருந்துச்சு, கோட்டா (வருஷத்துக்கு இவ்ளோதான் பிடிக்கலாம்ங்கற வரம்பு) இருந்துச்சு, சட்டம் இருந்துச்சு, எல்லாத்தையும் நல்லா நிர்வாகம் பண்றோம்ங்கற நம்பிக்கையும் இருந்துச்சு, இவ்ளோ இருந்தும் மீன் போச்சு. சயின்ஸ் இல்லாத இடத்துல ஒரு அழிவு வந்தா புரிஞ்சுக்கலாம். சயின்ஸ் கூடவே இருந்தப்ப எப்படி வந்துச்சுன்னுதான் எனக்கு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு.

பின்னணி

1497-ல கடலோடி ஜான் கேபட் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு போனப்ப, வலை கூட வேணாம், கூடையில கல்லு கட்டி இறக்கினாலே மீன் வருதுன்னு சொன்னதா பதிவு இருக்கு. அதுக்கப்புறம் நானூறு வருஷத்துக்கும் மேல ஐரோப்பாவுல இருந்து கப்பல் வந்து பிடிச்சுட்டே இருந்துச்சு, மீன் வந்துட்டே இருந்துச்சு. 1883-ல லண்டன் மீன்வள கண்காட்சியில தாமஸ் ஹக்ஸ்லி, பெரிய கடல் மீன்வளங்கள் அனேகமா தீராதவைன்னு பேசினார். இந்த ஒரு வரிய எடுத்து வச்சுக்கிட்டு பெரிய விஞ்ஞானி எப்படி தப்பா சொல்லிட்டார் பாருங்கன்னு எல்லா இடத்துலயும் எழுதறாங்க. ஆனா அவர் அதுகூட ஒரு நிபந்தனையும் வச்சார், நாம இப்ப மீன் பிடிக்கற முறைகள வச்சு பாத்தா மட்டும்தான்னு. தூண்டில், சின்ன படகு, பாய்மரம் இருந்த காலம் அது. அந்த நிபந்தனை காலப்போக்குல உதிர்ந்துபோச்சு, முடிவு மட்டும் நிலைச்சுது. ஒரு அறிவியல் கூற்று எந்த வரம்புக்குள்ள உண்மைங்கறத விட்டுட்டு கூற்ற மட்டும் தூக்கிட்டு போனா என்ன ஆகும்ங்கறதுக்கு எனக்கு இதவிட நல்ல உதாரணம் கிடைக்கல.

முறை மாறினது 1954-ல. ஃபேர்ட்ரைன்னு ஒரு பிரிட்டிஷ் கப்பல், பின்பக்கமா வலைய இழுத்து, கப்பலுக்குள்ளயே மீனை வெட்டி, அங்கயே உறைய வைக்கற வசதியோட வந்துச்சு. அப்புறம் சோவியத், ஜெர்மனி, ஸ்பெயின், போர்ச்சுகல்னு எல்லா நாட்டு பெரிய டிராலரும் (பெரிய வலைய கடலுக்குள்ள இழுத்துட்டு போற கப்பல்) வந்து, குளிர்காலத்துல கூட, பனிக்கட்டிக்கு நடுவுல கூட, முட்டையிட கூடுற மீன் கூட்டத்த குறிவச்சு பிடிக்க ஆரம்பிச்சாங்க. 1968-ல ஒரே வருஷத்துல 8 லட்சம் டன்னுக்கு மேல. அதுதான் உச்சம், அதுக்கப்புறம் அந்த அளவு திரும்ப வரவே இல்ல.

அதே 1968-லதான் கேரட் ஹார்டின், பொதுவுல இருக்கற வளத்த ஆளாளுக்கு சுரண்டி அழிச்சிடுவாங்கங்கற அவரோட பிரபலமான கட்டுரைய எழுதினார். எங்களுக்கு சிலபஸ்ல முதல் வாரமே அதுதான். காட் கேஸையும் அதோட உதாரணமாத்தான் நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அது பாதிக்கு மேல சரின்னு தோணல. ஏன்னா 1977-ல கனடா தன்னோட எல்லைய 200 கடல் மைலுக்கு நீட்டிடுச்சு, வெளிநாட்டு கப்பல பெருமளவு வெளிய தள்ளியாச்சு. இந்த மீனோட பெரும்பகுதி இருக்கற கடல் இப்ப ஒரே அரசாங்கத்து கையில, கோட்டாவோட, விஞ்ஞானிகளோட. (எல்லைக்கு வெளிய ஒரு சின்ன பகுதி நீட்டிட்டு இருந்துச்சு, அங்க தகராறு தொடர்ந்துச்சு, அது தனி கதை.) பொதுச்சொத்துங்கறதுதான் பிரச்சனைன்னா 1977-லயே அது தீர்ந்திருக்கணும். அதுக்கப்புறம் 15 வருஷத்துல மொத்தமா சரிஞ்சுது.

கடலுக்குள்ள இருக்கற மீனை எண்றது

இந்த பகுதியிலதான் நான் அதிக நேரம் செலவு பண்ணேன். காட்ட தண்ணிக்குள்ள போய் எண்ண முடியாது. அதனால பிடிபட்ட மீனை வச்சு பின்னோக்கி கணக்கு போடுவாங்க. முதல்ல மீனுக்கு என்ன வயசுன்னு தெரியணும், அதுக்கு அதோட தலைக்குள்ள இருக்கற காதுக்கல்ல எடுப்பாங்க. லேப்ல எங்களுக்கு ஒண்ண காட்டினாங்க, உடைச்சு மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வச்சா மரத்த குறுக்க அறுத்த மாதிரி வளையம் வளையமா தெரியுது, வேகமா வளர்ந்த கோடையில அகலமான பட்டை, குளிர்காலத்துல ஒல்லியா ஒரு கோடு, மறுபடி அகலம், மறுபடி கோடு. ஓரத்துக்கு வர வர கோடு நெருங்கிடும், எங்க ஒண்ணு முடிஞ்சு எங்க இன்னொண்ணு ஆரம்பிக்குதுன்னு ரெண்டு பேரு பாத்தா ரெண்டு எண்ணிக்கை வர வாய்ப்பிருக்கு. இந்த கண்ணுக்கு தெரியற கோட்டுலதான் அந்த பெரிய மாடலோட முதல் எண் ஆரம்பிக்குதுன்னு நினைச்சப்ப எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆச்சு.

வயசு தெரிஞ்சதும், உதாரணத்துக்கு 1975-ல பொறந்த மீன் ஒவ்வொரு வருஷமும் எத்தனை பிடிபட்டுச்சுன்னு கூட்டி, இயற்கையா செத்தது இவ்ளோ இருக்கும்னு ஒரு அனுமானத்த சேத்தா, அந்த வருஷம் மொத்தம் எத்தனை மீன் இருந்திருக்கணும்னு வந்திடும். அருமையான முறை, ஆனா அதுல ஒரு வினோதம் இருக்கு. பத்து வருஷத்துக்கு முன்னாடி கடல்ல எவ்ளோ இருந்துச்சுன்னு நல்லா சொல்லிடும், ஏன்னா அந்த மீனெல்லாம் பிடிபட்டு கணக்கு முடிஞ்சாச்சு. இன்னிக்கு எவ்ளோ இருக்குன்னு கேட்டா திணறும், ஏன்னா இன்னிக்கு இருக்கற மீன் இன்னும் பிடிபடல. கோட்டா போடறதுக்கு தேவைப்படறது இன்னிக்கு இருக்கற எண்ணிக்கை. அந்த ஓட்டைய அடைக்க ரெண்டு வேற அளவு தேவைப்பட்டுச்சு: ஒண்ணு சர்வே கப்பல் அங்கங்க இடம் தேர்ந்தெடுத்து வலை போட்டு பாக்கறது, இன்னொண்ணு வியாபார டிராலர் ஒரு மணி நேரத்துக்கு எவ்ளோ பிடிக்குதுங்கற விகிதம்.

ரெண்டும் ரெண்டு கதை சொல்லுச்சு. சர்வே டேட்டா வருஷத்துக்கு வருஷம் ரொம்ப ஏறி இறங்குச்சு, மொத்தத்துல பெருசா நல்லதா எதுவும் காட்டல. டிராலர் டேட்டா அழகா, வழவழன்னு, மீன் பெருகுதுன்னு காட்டுச்சு. ஏத்த இறக்கம் இல்லாத டேட்டாவ நம்பத்தான் யாருக்கும் மனசு வரும்.

டிராலர் விகிதம் ஏன் ஏமாத்துச்சுன்னு நானே ஒரு சின்ன கணக்கு போட்டு பாத்தேன். கடல 100 கட்டமா பிரிச்சுக்குங்க, கட்டத்துக்கு 10 மீன், மொத்தம் 1,000. கப்பல் எந்த கட்டத்துல வலை போட்டாலும் அதே அளவு கிடைக்கும். இப்ப பாதி மீன் போயிடுச்சு, 500. எல்லா கட்டத்துலயும் 5-ஆ இருந்தா கப்பலுக்கு உடனே தெரிஞ்சிடும், பாதிதான் கிடைக்கும். ஆனா காட் எண்ணிக்கை குறைஞ்சா பரவி நிக்கறது இல்ல, நல்ல இடமா பாத்து நெருக்கமா சேந்துக்குது. 50 கட்டத்துல 10, மீதி 50 கட்டம் காலி. கப்பல்ல எக்கோ சவுண்டர் (ஒலிய அனுப்பி மீன் எங்க இருக்குன்னு காட்டற கருவி) இருக்கு, காலி கட்டத்துக்கு அது போகவே போகாது, நேரா மீன் இருக்கற இடத்துக்கு போகும், மணிக்கு முன்ன கிடைச்ச அதே அளவு கிடைக்கும். கருவி இன்னும் நல்லதானா அதிகமாவே கிடைக்கும். மீன் 300, 200-னு இறங்கினாலும் அந்த விகிதம் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும், கடைசி கட்டம் காலியாகற வரைக்கும். சர்வே கப்பலுக்கு ஏன் மோசமா தெரிஞ்சுதுன்னும் இதுலயே வந்திடுது, அது காலி கட்டத்துக்கும் போகுது. அந்த பூஜ்யம் எல்லாம் தகவல்தான். ஒரு இடத்துல எதுவும் கிடைக்கலன்னு பதிவு பண்றது எவ்ளோ பெரிய அறிவியல் வேலைங்கறது இந்த கணக்க போட்டதுக்கு அப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

பத்து சதவீதம் கூடுதல்

க்ளாஸ்ல சொல்லிக்குடுத்த மாடல் ஷேஃபர்ங்கற மீன்வள விஞ்ஞானி 1954-ல வச்சது. மீன் கூட்டம் ரொம்ப கம்மியா இருந்தா வளர்ச்சி கம்மி, கடல் தாங்கற உச்சத்துல இருந்தாலும் வளர்ச்சி இல்ல, நடுவுல பாதியில இருக்கறப்ப வளர்ச்சி அதிகம், அந்த வளர்ச்சிய மட்டும் வருஷா வருஷம் எடுத்துக்கிட்டா காலாகாலத்துக்கும் எடுக்கலாம். கேக்கவே நல்லா இருக்கு, பரீட்சையில எழுதவும் ஈஸி. நான் ஸ்ப்ரெட்ஷீட்ல கடல் தாங்கற உச்சம் 1,000, வளர்ச்சி வீதம் 0.2-னு வச்சேன், பாதி 500-ல வருஷ வளர்ச்சி சரியா 50 வருது. 50 எடுத்தா கோடு நேரா போகுது. இப்ப யாரோ எண்ணினதுல லேசா அதிகமா வந்துடுச்சு, 50-க்கு பதிலா 55 எடுக்கறோம்னு வச்சேன், வெறும் பத்து சதவீதம் அதிகம்.

முதல் பத்து பதினஞ்சு வருஷம் ஒண்ணுமே ஆகல மாதிரி இருக்கு. 15 வருஷம் கழிச்சு 420. நிஜ கடல்ல வருஷத்துக்கு வருஷம் இருக்கற இயற்கையான ஏத்த இறக்கத்துல இந்த இறக்கம் தெரியவே தெரியாது. 30 வருஷம் கழிச்சு 287. அப்புறம் கோடு செங்குத்தா விழுது, அடுத்த 12 வருஷத்துல காலி. ஒவ்வொரு வருஷமும் எடுத்தது அதே 55-தான், யாரும் பேராசைல கோட்டாவ ஏத்தல. நான் இத ப்ரொஃபசர்கிட்ட காட்டினப்ப அவங்க, 1977-லயே மீன்வள விஞ்ஞானி பீட்டர் லார்கின் இந்த அதிகபட்ச நிலைச்ச மகசூல்ங்கற கருத்துக்கு ஒரு கல்லறை வாசகமே எழுதிட்டார், போய் படின்னாங்க. போய் படிச்சேன். கனடா எல்லைய நீட்டின அதே வருஷம்.

நிஜத்துல நடந்தது பத்து சதவீதத்த விட ரொம்ப மோசம். வருஷத்துக்கு இருக்கற மீன்ல சுமார் ஐஞ்சுல ஒரு பங்கு மட்டும் பிடிக்கறதுதான் இலக்கு. 1989-ல கணக்க திருத்தி பாத்தப்ப, அதுவரைக்கும் நிஜமா பிடிச்சிட்டு இருந்த வேகம் இலக்கு மாதிரி ரெண்டு மடங்குக்கு மேலன்னு தெரிஞ்சுது.

தெரிஞ்சதுக்கு அப்புறம்

1988-ல கோட்டா 2,66,000 டன். 1989-க்கு விஞ்ஞானிகள், இலக்குக்கு திரும்பணும்னா 1,25,000-க்கு இறக்கணும்னு சொன்னாங்க. அரசாங்கம் வச்சது 2,35,000. இந்த மூணு நம்பரையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதி வச்சு நான் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். பாதியா குறைச்சா எத்தனை மீன் பதப்படுத்தற ப்ளான்ட் மூடணும், எத்தனை ஊர் காலியாகும்ங்கற பயம் உண்மையானது, அத லேசா பேசறது நியாயம் இல்ல. ஆனா 1,25,000-க்கும் 2,66,000-க்கும் நடுவுல ஒரு இடத்துல மீன் ஒத்துக்குமான்னு பேரம் பேச முடியாது. மேல சொன்ன மாடல்ல தாங்கற அளவுக்கு மேல போற ஒவ்வொரு டன்னும் அடுத்த வருஷத்து வளர்ச்சியில இருந்து கழியுது, அவ்ளோதான்.

இன்னொரு குரலும் இருந்துச்சு, அதுக்கு இந்த கேஸ்ல இன்னும் பெரிய இடம் குடுக்கணும்னு நான் நினைக்கறேன். கரையோர மீனவங்க. அவங்க கோடையில காட் கரைக்கு வர்ற வழியில நிலையா பொறி வலை கட்டி வச்சு காத்திருப்பாங்க, மீனை தேடி போக மாட்டாங்க. அதனால அவங்க வலை எல்லா வருஷமும் ஒரே இடத்துல இருந்து ஒரே கேள்விய கேக்கற கருவி மாதிரி. 1980-கள்ல வர்ற மீன் கம்மியாகுது, சின்னதாகுதுன்னு அவங்க சொல்லிட்டே இருந்தாங்க. அவங்க சங்கம் 1986-ல தனியா விஞ்ஞானிகள வச்சு அரசாங்க கணக்க ஆராய்ஞ்சு, நீங்க அதிகமா மதிப்பிடறீங்கன்னு அறிக்கையே குடுத்துச்சு. வருஷத்துக்கு வருஷம் தண்ணி சூடு மாறறதால மீன் கரைக்கு வரலன்னு பதில் வந்துச்சு. அனுபவத்துல சொல்றது வெறும் கதை, டிராலர் லாக்புக்ல இருக்கறது டேட்டான்னு ஒரு வரிசை எல்லார் மனசுலயும் இருந்திருக்கு. எனக்கும் காலேஜ் சேந்த புதுசுல அந்த வரிசைதான் மனசுல இருந்துச்சு, மூணு தசமம் வரைக்கும் எழுதின எண்ணு கிராமத்துல ஒருத்தர் சொல்ற வார்த்தைய விட உசத்தின்னு. இந்த கேஸ்ல சரியா சேகரிச்ச தகவல் அவங்க வலையிலதான் இருந்துச்சு.

1992 பிப்ரவரில கோட்டாவ 1,20,000-ஆ குறைச்சாங்க, ஜூலைல பூஜ்யம். முட்டையிடற மீனோட எடை பழைய அளவுல சுமார் நூத்துல ஒண்ணுக்கு வந்திருந்துச்சு. தடைக்கு முந்தின நாள் பே புல்ஸ்ங்கற ஊர்ல மீனவங்க சூழ்ந்துக்கிட்டப்ப கிராஸ்பி, கடல்ல இருந்து மீனை எடுத்தது நான் இல்லன்னு கத்தினது இன்னிக்கும் அங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கற வாக்கியம். அவரும் அதே மண்ணுல பொறந்தவர்.

காரணம் பத்தின சண்டை

தண்ணி குளிர்ந்ததால மீன் செத்துச்சுன்னு ஒரு பக்கம், பிடிச்சுதான் தீத்தாங்கன்னு இன்னொரு பக்கம். 1990-கள் தொடக்கத்துல அந்த கடல் நிஜமாவே ரொம்ப குளிரா இருந்துச்சு, காட் சாப்பிடற கேப்லின்ங்கற சின்ன மீனும் அப்பதான் சரிஞ்சுது. 1994-ல விஞ்ஞானிகள் ஜெஃப்ரி ஹட்சிங்ஸும் ரான்சம் மையர்ஸும் பழைய பதிவுகள தோண்டி, இதே மாதிரி குளிர் முன்னாடியும் வந்திருக்கு, அப்பல்லாம் மீன் இப்படி சரியல, முக்கிய காரணம் அதிகமா பிடிச்சதுதான்னு எழுதினாங்க. எனக்கு அந்த வாதம் வலுவா தெரியுது, கேப்லினும் குளிரும் மீண்டு வர்றத தாமதப்படுத்தியிருக்கும்ங்கறதையும் ஒத்துக்கறேன். 1997-ல ஹட்சிங்ஸும் இன்னும் ரெண்டு பேரும் அரசாங்கத்துக்குள்ள இருக்கற விஞ்ஞானிகளோட கருத்து வேறுபாடு வெளிய வராம ஒரே குரலா வடிகட்டப்படுதுன்னு ஒரு ஆய்விதழ்லயே எழுதி பெரிய சர்ச்சை ஆச்சு. சர்வேயும் டிராலரும் ஒத்துப்போகலங்கற விஷயம் ஜனங்களுக்கு அப்படியே, அந்த சந்தேகத்தோடயே போயிருந்தா 1980-கள்ல கோட்டா பத்தின பேச்சே வேற மாதிரி இருந்திருக்கும்னு நான் நம்பறேன்.

2004-ல வந்த ஒரு ஆய்வு என்ன ரொம்ப பாதிச்சுது. சரிவுக்கு முன்னாடியே காட் முன்ன விட சின்ன வயசுல, சின்ன உடம்புலயே பருவத்துக்கு வர ஆரம்பிச்சிருந்துச்சாம். பெருசா வளர்றதுக்குள்ள பிடிபட்டுடற கடல்ல, சீக்கிரம் முட்டை போட்ட மீனோட வாரிசுதான் மிஞ்சும். அதாவது எண்ணிக்கை மட்டும் குறையல, மீனோட பரம்பரையே மாறிட்டு இருந்திருக்கு. பெரிய வயசான பெண் மீன் ஒண்ணு பல மில்லியன் முட்டை போடும், சின்னது அதுல ஒரு சின்ன பங்குதான். மிச்சம் இருக்கறத எடையில மட்டும் எண்ணினா இந்த வித்தியாசம் கணக்குல வராது.

அப்புறம் மனுஷங்க. உதவித்தொகை, மறுபயிற்சி திட்டம் எல்லாம் வந்துச்சு. நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடார் ஜனத்தொகை 1991-ல 5,68,000, 2001-ல 5,13,000. காட் போன கடல்ல இறாலும் பனி நண்டும் பெருகி, கொஞ்ச வருஷத்துல மீன்வள வருமானம் காட் காலத்த விட அதிகமாவே ஆச்சு, ஆனா அந்த வேலைக்கு அவ்ளோ ஆள் வேணாம், எல்லா ஊருக்கும் அது போய் சேரல. சுற்றுச்சூழல், பொருளாதாரம், சமூகம்னு மூணு வட்டம் வரைஞ்சு நடுவுல சஸ்டெயினபிலிட்டின்னு எழுதற படம் எல்லா ஸ்லைடுலயும் வருதே, இங்க வருமான வட்டம் மட்டும் பாத்தா வெற்றின்னு தெரியும். மீனும் ஊரும் போன பிறகு.

இப்ப

2023-ல கனடா மீன்வளத்துறை மாடல மாத்திச்சு, பழைய டேட்டாவையும் 1954 வரைக்கும் பின்னாடி சேத்துச்சு, அதுல எது ஆபத்தான அளவுங்கற கோடே கீழ இறங்குச்சு. முந்தின நாள் வரைக்கும் ஆபத்து நிலையில இருந்த வடக்கு காட், 2016-ல இருந்தே எச்சரிக்கை நிலையிலதான் இருந்திருக்குன்னு ஆச்சு. கடல்ல இருக்கற மீன் ஒரே நாள்ல பெருகல, நாம அளக்கற கோடு நகர்ந்துச்சு. இத சூழ்ச்சின்னு நான் சொல்ல மாட்டேன், அதிக டேட்டா சேத்தா மாடல் மாறத்தான் செய்யும், அதுதான் நேர்மையான சயின்ஸ். 2024 ஜூன் 26-ல தடைய நீக்கி 18,000 டன் கோட்டா அறிவிச்சாங்க. 1989-ல விஞ்ஞானிகள் கேட்ட குறைச்ச அளவுலயே அது ஏழுல ஒரு பங்குதான்.

என்னோட முடிவு, இந்த திறப்பு அவசரம். காட் திரும்பி வர்றதுக்கு கேப்லின் வேணும், கேப்லின் 1991 சரிவுல இருந்து பழைய அளவுக்கு இன்னும் வரல, அதையும் ஒரு பக்கம் பிடிச்சிட்டுதான் இருக்காங்க. ரிப்போர்ட்ல நான் பரிந்துரையா எழுதினது மூணு விஷயம்: காட் கோட்டாவ கேப்லின் சர்வேயோட கட்டணும், கரையோர வலைகளோட பதிவுக்கு சர்வே கப்பல் டேட்டாவுக்கு சமமா இடம் குடுக்கணும், கோட்டா அறிவிக்கறப்ப ஒரே எண்ணா சொல்லாம மதிப்பீடு எதுல இருந்து எது வரைக்கும் போகலாம்ங்கற வீச்சையும் அதே பக்கத்துல அச்சடிக்கணும். மூணாவதுக்கு ப்ரொஃபசர் ஓரத்துல, மந்திரி அந்த வீச்சோட மேல் முனைய எடுத்துக்கிட்டா என்ன பண்ணுவன்னு எழுதி குடுத்தாங்க. கீழ் முனைய வச்சுத்தான் கோட்டா போடணும்னு சட்டத்துலயே எழுதணும்னு பதில் சேத்து திரும்ப குடுத்திருக்கேன்.